பில் பாஸ் செய்கிறவர்களுக்கு ஒரு மடல்

கோவையில் ஜாப் ஒர்க் கொடுக்கும் பம்ப், மோட்டார் நிறுவனங்களின் பர்ச்சேஸ், அக்கவுண்ட்ஸ் பிரிவினருக்கு,

வணக்கம். கணபதி பகுதியில் மூன்று லேத் (கடைசல் இயந்திரம்) வைத்து சப்மெர்சிபிள் பம்புக்கு ஷாஃப்ட் கடைந்து கொடுக்கும் பட்டறை எங்களுடையது. 1994-ல் அப்பா செகண்ட் ஹேண்டில் வாங்கிய ஒற்றை லேத்தில் ஆரம்பித்தது. இப்போது நானும் தம்பியும் மெஷினில் நிற்கிறோம். கடைசல் பிசிறை (பர்) எடுப்பது, சரக்கோடு போகும் டெலிவரி சலான் (டி.சி.) எழுதுவது, பில் போடுவது எல்லாம் என் மனைவி.

2012-ல் கோவையில் ஒரு நாளைக்குப் பன்னிரண்டு மணி நேரத்துக்கு மேல் கரண்ட் போனது உங்களுக்கும் நினைவிருக்கும். கரண்ட் வரும் நேரம்தான் எங்களுக்கு ஷிஃப்ட். அப்பா லேத்துக்குப் பக்கத்திலேயே பாய் விரித்துப் படுப்பார். டியூப் லைட் மினுக்கியதும் எழுந்து சக்கில் ஜாபை மாட்டிவிடுவார். பாதிக் கடைசலில் கரண்ட் போனால் டூல் பதிந்த கோடு அப்படியே ஷாஃப்டில் நிற்கும். அப்படி வீணான ஒன்று இன்றைக்கும் பட்டறைக் கதவுக்கு முட்டுக்கொடுத்துக் கிடக்கிறது.

2016 நவம்பரில் சனிக்கிழமைச் சம்பளத்துக்கு எடுத்து வைத்த பணம் செல்லாத நோட்டானது. 2020 ஊரடங்கில் ஊருக்குப் போன இரண்டு பிகார் பையன்களில் ஒருவன்தான் திரும்பி வந்தான். சரி, ஊருக்கே வந்த கஷ்டம், தாண்டி வந்துவிட்டோம்.

பில்லுக்குப் பணம் கேட்டால் நீங்கள் சொல்லும் 'அடுத்த வாரம்' மட்டும்தான் தாண்ட முடியாததாக இருக்கிறது.

பேரிங் உட்காரும் இடத்தில் 20 மைக்ரான் கூடினால் மொத்த லாட்டையும் திருப்பி அனுப்புகிறீர்கள். நியாயம்தான், ரீவொர்க் செய்து தருகிறோம். ஆனால் ஏற்றுக்கொண்ட சரக்குக்குப் பணம் தொண்ணூறு நாள், நூற்றிருபது நாள் என்று போகிறது. அதற்குள் ஜிஎஸ்டி நிற்குமா? இந்த மாதம் போட்ட பில்லுக்கு அடுத்த மாதம் 20-ஆம் தேதிக்குள் 3பி என்ற ஜிஎஸ்டி கணக்கைத் தாக்கல் செய்து வரியைக் கட்டியாக வேண்டும். நீங்கள் பணம் கொடுத்தீர்களா என்று போர்ட்டல் கேட்பதில்லை. போன ஜூனில் மனைவியின் செயினை அடகு வைத்துத்தான் கட்டினேன். கைக்கு வராத காசுக்கு வரி, அந்த வரிக்கு நகைக்கடன் வட்டி!

2006-ஆம் ஆண்டு குறு, சிறு, நடுத்தரத் தொழில் மேம்பாட்டுச் சட்டப்படி, ஒப்பந்தமே போட்டிருந்தாலும் எங்களைப் போன்றவர்களுக்கு 45 நாளைத் தாண்டக் கூடாது. தாண்டினால் ரிசர்வ் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு கூட்டு வட்டி. நான் ஒரு முறையும் கேட்டதில்லை. இந்தப் பாக்கிப் புகார்களை விசாரிக்கும் வசதியாக்கக் கவுன்சில் கோவையிலேயே இருக்கிறது. அங்கே மனு போட்டால் அடுத்த மாதம் உங்களிடமிருந்து வேலை வராது என்பது எனக்கும் தெரியும், உங்களுக்கும் தெரியும்.

அப்புறம், வருமான வரியில் ஒரு விதி வந்தது. குறு, சிறு தொழில்களுக்குக் கெடு தாண்டிக் கொடுத்தால், கொடுத்த ஆண்டில்தான் அதைச் செலவாகக் காட்ட முடியும். இனி பணம் சீக்கிரம் வரும் என்று நம்பினோம். வந்தது போன்தான்: "உத்யம் பதிவை ரத்து செய்துடுங்க, இல்லன்னா ஆர்டர் கொடுக்கிறது கஷ்டம்." உத்யம் என்பது குறு, சிறு தொழில் என்பதற்கான அரசுப் பதிவு. அது இல்லாவிட்டால் சட்டத்தின் கண்ணில் நான் பட்டறைக்காரனே இல்லை. முப்பது வருஷக் கிரீஸ் கைக்கு இதைவிட அவமானம் வேறு இல்லை. ரத்து செய்யவில்லை. அந்த ஆர்டரும் போய்விட்டது.

விலையைக் கூட்டச் சொல்லி இதை எழுதவில்லை. 250 கோடிக்கு மேல் விற்றுமுதல் உள்ள நிறுவனங்கள் ட்ரெட்ஸ் என்ற ஆன்லைன் பில் கடன் தளத்தில் சேர வேண்டும் என்று 2024 நவம்பரில் அரசு உத்தரவு வந்தது. உங்களில் சிலர் சேர்ந்தும் விட்டீர்கள். எங்கள் பில்லை அதில் ஏற்றுக்கொண்டால், வங்கி எங்களுக்கு முன்பணம் கொடுத்துவிட்டு, கெடு நாளில் உங்களிடம் வாங்கிக்கொள்ளும். உங்கள் கையில் இருப்பது ஒரு கிளிக். முடியாது என்றால் அதையாவது நேராகச் சொல்லிவிடுங்கள். நாலு படி ஏறி வந்து ரிசப்ஷனில் காத்திருக்கும் நேரத்தில் நான் பத்து ஷாஃப்ட் கடைந்துவிடுவேன்.

போன வாரம் அனுப்பிய லாட்டின் டி.சி.யில் உங்கள் ஸ்டோர் சீல் விழுந்துவிட்டது. பில்லும் சேர்ந்தே வந்திருக்கிறது.

இப்படிக்கு,
கணபதி லேத் பட்டறைக்காரன்