நீ அனுப்பிய மேசு

அன்பு மகளுக்கு,

நீ அனுப்பிய பெட்டி போன கிழமை வந்து சேர்ந்தது. சொக்கிளேற் எல்லாம் அப்படியே இருக்க, நான் முதலில் பிரித்தது அந்த மேசுச் சோடியைத்தான், காலை இறுக்கிப் பிடிக்கிற அந்த நீளக் காலுறையை. விடிய எழும்பிக் காலைக் கீழே வைக்க முன்னமே போடவேண்டும் என்று நீ சொன்னபடி, கட்டிலில் இருந்துகொண்டே குதிக்கால் வரைக்கும் புரட்டி, பாதத்தை நுழைத்து, கொஞ்சம் கொஞ்சமாய் மேலே இழுத்தேன். முதல் நாள் 20 நிமிடம் பிடித்தது, அப்பாவும் வந்து ஒரு பக்கம் பிடித்தார். இப்போது ஐந்து நிமிடத்தில் ஏறிவிடுகிறது.

இந்த வெயிலுக்கு இதெல்லாம் போட ஏலாது என்று இரண்டு வருடமாய் உன்னோடு மல்லுக்கட்டினேன். அது என் பிழைதான் பிள்ளை. 31 வருடம் கரும்பலகைக்கு முன்னால் நின்ற கால், பின்னேரமானால் கணுக்கால் வீங்கி, நரம்பு கயிறு கயிறாய்ப் புடைத்து நிற்கும். இந்த ஒரு கிழமையில் வீக்கம் நன்றாக வற்றிவிட்டது.

அப்படி இது என்னதான் செய்கிறது என்று தேடி வாசித்தேன். கொன்ராட் ஜோப்ஸ்ட் என்று ஒரு பொறியியலாளர், ஜெர்மனியில் பிறந்து அமெரிக்காவில் வாழ்ந்தவர், அவருக்கும் இதே கால் வருத்தம், புண்ணும் இருந்ததாம். நீச்சல் குளத்தில் நிற்கும்போது மட்டும் நோவு குறைவதைக் கவனித்திருக்கிறார். ஆழம் கூடக் கூடத் தண்ணீரின் அழுத்தமும் கூடும் அல்லவா, அதனால் கணுக்காலில் இறுக்கமாகவும் மேலே வர வரத் தளர்ந்தும் ஒரு மேசு பின்னினால் இரத்தம் மேலே ஏறும் என்று 1950ஐ ஒட்டி அதைச் செய்து முடித்தார். இதை வாசித்தவுடன் எனக்குக் கீரிமலைதான் ஞாபகம் வந்தது. கேணிக்குள் மார்பளவு தண்ணீரில் நின்றால் கால் பஞ்சாய்ப் போகும், நீயும் சின்னதில் என் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறாய். அத்தனை வருடம் அந்தச் சுகத்தை அனுபவித்தும் அது ஏன் என்று நான் ஒருநாளும் யோசிக்கவில்லை.

அப்புறம் இன்னொன்று. என் சேலைத் தலைப்பை இழுத்துப் பார்த்தால் இழுபடாது, அப்பாவின் பெனியனை இழுத்தால் இழுபடும். நெய்த துணி குறுக்கும் நெடுக்குமாய் ஓடுகிற நூல், பின்னல் கண்ணிக்குள் கண்ணி. முந்தி ஐரோப்பாவில் நெய்த துணியை வெட்டித் தைத்தே காலுறை போட்டார்கள், பிறகு கையால் ஒவ்வொரு கண்ணியாய்ப் பின்னினார்கள். 1589இல் இங்கிலாந்தில் நொட்டிங்ஹாம் பக்கத்துக் கிராமமான கல்வேர்ட்டனில் வில்லியம் லீ என்பவர் ஒரு வரிசைக் கண்ணி முழுவதையும் ஒரே தரத்தில் பின்னும் பொறியைச் செய்தார். முதலாம் எலிசபெத் மகாராணி அதற்கு உரிமம் கொடுக்கவில்லை. கையால் பின்னிச் சீவிக்கிற ஏழைகளின் பிழைப்புப் போய்விடும் என்று சொன்னதாகச் சொல்கிறார்கள். லீ பிரான்சுக்குப் போனார், அங்கே ஆதரித்த நான்காம் ஹென்றி மன்னனையும் 1610இல் குத்திக் கொன்றுவிட்டார்கள், லீயும் சில வருடத்தில் அங்கேயே இறந்துபோனார். ஊரை விட்டுப் போய் அந்நிய தேசத்தில் கண் மூடியவர் என்று வாசித்தபோது எனக்கு நெஞ்சு அடைத்தது. மகாராணியின் பயமும் முழுக்கப் பொய்யில்லை, 1811இல் அதே நொட்டிங்ஹாமில் கூலி குறைந்த பின்னல்காரர் பொறிகளை அடித்து உடைத்தார்கள். அடுத்த வருடமே பொறி உடைத்தால் மரண தண்டனை என்று சட்டம் வந்தது.

மேசு என்ற சொல்லும் எங்களுடையதில்லை, தெரியுமா? போர்த்துக்கேயர் 1619இல் யாழ்ப்பாண இராச்சியத்தைப் பிடித்து 1658 வரைக்கும் இருந்தார்கள். சப்பாத்து, மேசு, கைக்குட்டைக்குச் சொல்லுகிற லேஞ்சி எல்லாம் அவர்கள் விட்டுப்போன சொற்கள்.

உன் பள்ளிக்கூட வெள்ளை மேசு ஞாபகம் இருக்கிறதா? எங்கட யுத்தத்தில் சாமான்களுக்குத் தடை போட்ட காலத்தில் சவர்க்காரம் இல்லாமல் பனங்காய் போட்டுத் தோய்த்தது, கொடியில் காயவிட்டால் வாசத்துக்கு மாடு வந்து சப்பும் என்று உன்னைக் காவல் வைத்தது. இலாஸ்டிக் செத்த பிறகு றப்பர் வளையம் போட்டுக்கொண்டு போவாய், இரவில் பார்த்தால் காலில் சிவப்பாய் ஒரு வட்டம் பதிந்திருக்கும், நான் எண்ணெய் தடவிவிடுவேன். அமெரிக்காவிலும் 1940 மே மாதம் நைலோன் காலுறை கடைக்கு வந்து எல்லாரும் ஆசையாய்ப் போடத் தொடங்க, இரண்டாம் உலக யுத்தத்தில் நைலோன் பரசூட் மாதிரியான யுத்தத் தேவைகளுக்குப் போய்விட்டது. பெண்கள் காலுறையின் தையல் போலத் தெரிய, வெறுங்காலில் புருவப் பென்சிலால் பின்பக்கம் கோடு கீறிக்கொண்டு வேலைக்குப் போனார்களாம். யுத்தம் முடிந்த பிறகு பிற்ஸ்பேர்க் நகரத்தில் 13,000 சோடிக்கு 40,000 பேர் வரிசையில் நின்றிருக்கிறார்கள். அந்த வரிசை எனக்கு விளங்குகிறது, பிள்ளை.

சரி, முக்கியமான கதைக்கு வருகிறேன். போன ஞாயிறு வீடியோவில் நீ கதைத்துக்கொண்டே காலைக் கதிரையில் தூக்கி வைத்தபோது கணுக்காலில் சொக்ஸ் தடம் ஆழமாய்ப் பதிந்திருந்ததைப் பார்த்தேன். ஒஸ்லோவில் பன்னிரண்டு மணித்தியாலம் ஆஸ்பத்திரி வாட்டில் நிற்கிற உனக்கும் என் கால்தான் வந்திருக்கிறது. அம்மம்மாவுக்கும் இதே கால். எனக்கு வாங்கினது போல உனக்கும் ஒரு சோடி வாங்கு. வீக்கம் வர முன்னம், விடிய எழும்பினவுடன் கணுக்காலையும் கெண்டைக்காலையும் அளவு நாடா பிடித்து அள. என்ன அளவு வந்தது என்று இந்தக் கிழமைக்குள் எனக்குச் சொல்லு.

அன்புடன்
அம்மா