பங்குச் சாமியார்களை ஏன் மறக்கிறோம்?

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். பிரெஞ்சுப் புரட்சி பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையையும் அதையொட்டி வெளியான இரண்டு வாசகர் கடிதங்களையும் படித்தேன். திருச்சபை முதலிலிருந்தே அரசன் பக்கம்தான் நின்றது என்கிறார் ஒருவர். மதத்தை ஒழிக்கக் கிளம்பிய நாத்திகர்களின் வேலைதான் புரட்சி என்கிறார் இன்னொருவர். இருவருமே 1789-ஐத் தாண்டி மதத்துக்கு எதிரான வேகம் உச்சத்திலிருந்த 1793-க்கு நேராகப் போய்விடுகிறார்கள். என் வருத்தம் அதில்தான்.

1789 மே மாதம் வெர்சாயில் எஸ்டேட்ஸ் ஜெனரல், அதாவது குருமார், பிரபுக்கள், மற்ற மக்கள் என்ற மூன்று தரப்பின் பிரதிநிதிகள் சபை, கூடியபோது குருமார் தரப்பில் ஏறத்தாழ 300 பிரதிநிதிகள் வந்தார்கள். அவர்களில் 200 பேருக்கு மேல் சாதாரணப் பங்குச் சாமியார்கள், அதாவது ஊர்க் கோயிலைக் கவனிக்கும் குருக்கள். அவர்களுக்கு மேலதிகாரிகளான ஆயர்கள் எல்லாம் பிரபுக் குடும்பத்துப் பிள்ளைகள். இந்தச் சாமியார்களோ கிராமத்து ஜனங்களோடு வாழ்ந்தவர்கள். ஆண்டுக்கு 700 லிவர் (அன்றைய பிரெஞ்சு நாணயம்) படியில் காலம் தள்ளியவர்களும் அவர்களில் உண்டு. ஜூன் 13 அன்று புவாத்தூ பகுதியைச் சேர்ந்த மூன்று சாமியார்கள் தங்கள் தரப்பை விட்டு எழுந்துபோய், மூன்றாம் தரப்பாரான பொதுமக்கள் பிரதிநிதிகளோடு உட்கார்ந்தார்கள். அடுத்தடுத்து இன்னும் சிலர் போனார்கள். நான்கே நாளில் தேசிய சபை பிறந்தது. இவர்கள் அசையாமல் இருந்திருந்தால் அரசன் பதினாறாம் லூயி அவ்வளவு சீக்கிரம் இறங்கி வந்திருப்பாரா என்பது சந்தேகம்தான்.

சரி, திருச்சபைக்கும் புரட்சிக்கும் இடையிலான உறவு அப்புறம் எங்கே முறிந்தது? திருச்சபைச் சொத்தைப் பறித்ததில்தான் என்று கட்டுரையாளர் எழுதுகிறார். 1789 நவம்பர் 2 அன்று அந்தச் சொத்து தேசத்தின் வசம் போனது உண்மை. அந்த யோசனையை முன்வைத்தவரே ஓர் ஆயர், தாலேராண். அதே தீர்மானம் பங்குச் சாமியாருக்குக் குறைந்தது 1200 லிவர் சம்பளம் என்றும் சொன்னது. ஏழைச் சாமியாருக்கு அது லாபம்தான்.

முறிவு வந்தது 1790 ஜூலையில் நிறைவேறிய குருமார் குடிமைச் சட்டத்தால். மாவட்டத்துக்கு ஒன்றாக 83 மறைமாவட்டங்கள் (ஓர் ஆயரின் ஆளுகைப் பகுதி) என்று கணக்குப் போட்டார்கள். ஆயரையும் பங்குச் சாமியாரையும் வாக்காளர்கள் தேர்ந்தெடுக்க வேண்டும். அந்த வாக்காளர்களில் புராட்டஸ்டண்டுகளும் இருக்கலாம். ஒரு தேசியத் திருச்சபை மன்றத்தைக் கூட்டிப் பேசுவோம் என்று சபையிலிருந்த குருமார் கேட்டும் பயனில்லை. நவம்பரில் இந்தச் சட்டத்தை ஏற்பதாகக் குருமார் உறுதிமொழி எடுப்பது கட்டாயமானது. எடுக்காதவருக்குப் பதவி இல்லை. ஆயர்களில் எடுத்தவர்கள் ஏழே பேர். பங்குச் சாமியார்களில் ஏறக்குறையப் பாதிப் பேர் எடுத்தார்கள், மீதிப் பேர் மறுத்தார்கள். மேற்குப் பகுதியில் மறுத்தவர்களே மிகுதி. தன் பிள்ளைக்கு ஞானஸ்நானம் கொடுத்த சாமியாரை விரட்டிவிட்டு, முன்பின் தெரியாத ஒருவரை ஆயுதக் காவலோடு கோயிலுக்குள் கொண்டுவந்து நிறுத்தினால் அந்த ஊர்த் தாய் என்ன நினைப்பாள்? 1793 மார்ச்சில் மேற்கிலுள்ள வாந்தே பகுதி கொதித்தெழுந்ததற்கு உடனடிக் காரணம் மூன்று லட்சம் பேரைப் படைக்குச் சேர்க்கும் உத்தரவு. ஆனால் அங்கே கோபம் இரண்டு வருடமாகவே புகைந்துகொண்டிருந்தது.

போப் ஆறாம் பயஸையும் நான் விட்டுவிடப் போவதில்லை. சட்டம் வந்து எட்டு மாதம் வெளிப்படையாக வாய் திறக்காமல் குருமாரைத் தவிக்க விட்டார். திறந்தபோது மனித உரிமைகளையும் சேர்த்துக் கண்டித்தார். புரட்சியை நேசித்த ஒரு சாமியாருக்கு அதன்பின் நிற்க இடமே இல்லாமல் போயிற்று.

இரண்டாவது கடிதக்காரர் புரட்சித் தலைவர் ரொபஸ்பியரை நாத்திகர் வரிசையில் சேர்த்திருக்கிறார். அது தவறு. 1793 நவம்பரில் நோத்ர தாம் தேவாலயத்தில் கடவுளுக்குப் பதில் பகுத்தறிவைப் போற்றும் விழா நடந்த அதே மாதத்தில் புரட்சியாளர்களின் ஜாக்கோபின் கழகத்தில் நாத்திகத்தை எதிர்த்துப் பேசியவர் அவர். 1794 ஜூனில் கடவுளைப் பரம்பொருள் என்ற பெயரில் போற்றும் விழாவைத் தலைமையேற்று நடத்தியவரும் அவரே.

1793-இன் அந்த நவம்பரில் பாரிஸ் ஆயர் கோபெல் பதவியைத் துறந்தார். ஆயர் க்ரெகுவார் மட்டும் துறக்க மாட்டேன் என்று அன்றைய நாடாளுமன்றமான பேரவையிலேயே சொன்னார். உறுதிமொழி எடுத்த முதல் சிலரில் அவரும் ஒருவர்; யூதர்களின் குடியுரிமைக்கும் அடிமை ஒழிப்புக்கும் வாதாடியவர். 1831-இல் அவர் சாகக் கிடந்தபோது, பழைய உறுதிமொழியைத் திரும்பப் பெற்றால்தான் கடைசித் திருச்சடங்கு என்றார் பாரிஸ் பேராயர். க்ரெகுவார் மறுத்துவிட்டார். கடைசியில் வேறொரு குரு பேராயரின் தடையை மீறி வந்து சடங்கை நிறைவேற்றினார். இந்த மனிதரைப் பற்றித் தங்கள் இதழில் ஒரு முழுக் கட்டுரை வர வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியர்,
பாளையங்கோட்டை