கிருஷ்ணகிரி கேமர் தம்பிகளுக்கு ஒரு மடல்

அன்புள்ள தம்பிகளுக்கு,

போன வாரம் ரவுண்டானா பக்கத்து டீக்கடையில், என் வீட்டில் நிண்டெண்டோ ஸ்விட்ச் (டிவியிலும் கையில் வைத்தும் ஆடுகிற கேம் பெட்டி) இருக்கிறது என்று சொன்னேன். "அது சின்னப் பசங்க பொம்மைண்ணா, சீரியஸா ஆடறவன் வாங்குவானா?" என்று கேட்டீர்கள். அங்கே பதில் சொல்ல வரவில்லை. வீட்டுக்கு வந்த பிறகும் மனசு ஆறவில்லை, அதனால் எழுதுகிறேன்.

உங்கள் பேச்சில் நியாயம் இருக்கிறது. 2017-ல் வந்த ஸ்விட்ச்சின் திரையின் படத்தெளிவு வெறும் 720பி. 2013-லேயே வந்துவிட்ட சோனியின் பிளேஸ்டேஷன் 4 அதைவிட பலசாலி. பெரிய கேம்கள் பல இதற்கு வரவே இல்லை, வந்தவற்றிலும் பல தாமதமாக, படத்தரம் குறைந்து வந்தன. ஆன்லைனில் கூட்டாளியோடு பேச, நிண்டெண்டோவின் சொந்த கேம்களுக்கு போனில் தனி ஆப் வேண்டும். இது எனக்கும் எரிச்சல்தான்.

'பொம்மை' என்ற பேர் அதற்கும் முன்னால் வந்தது. 2006-ல் வந்த நிண்டெண்டோவின் பழைய கேம் பெட்டி வீ, சோனியும் மைக்ரோசாஃப்டும் எச்டிக்குப் போனபோது அதைவிடத் தெளிவு குறைந்த 480பியிலேயே நின்றது. ரிமோட்டை வீசி பௌலிங் ஆடலாம் என்று குடும்பம் குடும்பமாக வாங்கினார்கள், 10 கோடிக்கு மேல் விற்றது. பாட்டி ஆடுகிற பெட்டியில் நமக்கென்ன வேலை என்று அப்போதே நிறைய பேர் ஒதுங்கிவிட்டார்கள்.

ஆனால் பாட்டிக்கு எளிதாக இருப்பதால் நமக்குச் சப்பென்று இருக்கும் என்று நினைப்பதைத்தான் என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை.

மாரியோ கார்ட் 8 டீலக்ஸ் என்ற கார் ரேஸ் கேமை எடுத்துக்கொள்ளுங்கள். என் மகளுக்கு ஏழு வயது. அவள் வண்டியின் பின்னால் குச்சி மாதிரி சின்ன ஆன்டெனா ஒன்று நிற்கும். ஸ்மார்ட் ஸ்டியரிங் போட்டிருக்கிறது என்று அர்த்தம். வண்டி ரோட்டை விட்டு விழாது. ஆனால் அந்த உதவி இருக்கும்வரை சில குறுக்கு வழிகளில் நுழைய முடியாது. வளைவில் நீளமாகச் சறுக்கினால் கிடைக்கிற ஊதா நிறப் பொறியும், அதன் வேகமும் வராது. ஆன்டெனாவை எடுத்துவிட்டு, அதிலேயே அதிவேகமான 200சிசியில் ஓட்டிப் பாருங்கள், பிரேக் எங்கே தொடுவது என்று ஒவ்வொரு வளைவையும் தனித்தனியாகப் படிக்க வேண்டியிருக்கும்.

ஓடிக் குதித்து ஆடுகிற சூப்பர் மாரியோ ஒடிஸியும் அப்படித்தான். அசிஸ்ட் மோடு என்ற உதவி முறையில் போக வேண்டிய பக்கத்தை அம்பு காட்டும், பள்ளத்தில் விழுந்தால் குமிழி ஒன்று தூக்கிவந்து விடும். அதே கேமில் 500 நிலாக்களைச் சேர்த்தால் டார்க்கர் சைடு என்று ஒரு இடம் திறக்கும். விழுந்தால் மறுபடி தொடங்க நடுவில் செக்பாயின்ட் கிடையாது. கடைசிப் படியில் தவறினாலும் முதலிலிருந்துதான். அதை முடிக்க எனக்குப் பதினோரு ராத்திரி ஆனது. அப்புறம் ஸ்மாஷ் பிரதர்ஸ் அல்டிமேட்: 2019-ல் லாஸ் வேகாஸில் நடந்த ஈவோ சண்டை கேம் போட்டியில் அதற்குத்தான் அதிகம் பேர் பெயர் கொடுத்தார்கள். அத்தனை பேரும் பொம்மை ஆடவா போனார்கள்?

இன்னொன்று நம்மூர் சமாச்சாரம். மாங்காய் சீசனில் ஒரு சாயங்காலம் காற்றும் மழையுமாக வந்து கரண்ட் போய்விட்டது. கேமிங் பிசி என்றால் அத்தோடு முடிந்திருக்கும். ஸ்விட்ச்சை டிவியோடு இணைக்கிற டாக்கிலிருந்து உருவி, பின்பக்கத் தாங்கியை விரித்து மாவு டப்பா பக்கத்தில் நிறுத்தினேன். பக்கவாட்டில் மாட்டியிருக்கும் ஜாய்கான் கன்ட்ரோலர் இரண்டையும் கழற்றி, மாரியோ கார்ட் ஆட மகளுக்கு ஒன்று, அம்மாவுக்கு ஒன்று கொடுத்தேன். அறுபத்தெட்டு வயது அம்மா வளைவு வரும்போதெல்லாம் உடம்பையே சாய்த்து ஓட்டினார். அவர்கள் தூங்கிய பிறகு, மிச்சமிருந்த சார்ஜில் அதே பெட்டியில் மெட்ராய்ட் ட்ரெட் என்ற கேம் ஆடினேன். எம்மி ரோபோ துரத்தும்போது என் கை வியர்த்துவிட்டது.

உங்கள் பிசியை விற்கச் சொல்லவில்லை. துப்பாக்கிச் சண்டை கேம்தான் உயிர் என்றால் அதிலேயே ஆடுங்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை மட்டும் பழையபேட்டைக்கு என் வீட்டுக்கு வாருங்கள். 200சிசி, நான்கு ரேஸ், ஆன்டெனா இல்லாமல். மகளும் ஆடுவாள், அவளுக்கு மட்டும் ஆன்டெனா உண்டு.

அன்புடன்,
உங்கள் அண்ணன்