தலைமதகில் உடைகிற பாட்டில்கள் எங்கள் வயலுக்குள் வருவது குறித்து நான்காவது முறையாகக் கோரிக்கை மனு

அனுப்புநர்:
தலைமதகு வாய்க்கால் பாசன விவசாயிகள் மற்றும் நடவுப் பெண்கள்
(பெயர், கையெழுத்து, கைநாட்டு தனித்தாளில் உள்ளன)

பெறுநர்:
உயர்திரு மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்கள்

பொருள்: காவிரிக் கரையில் பொழுதுபோக்க வருபவர்கள் போட்டு உடைக்கும் கண்ணாடி பாட்டில்கள் – வாய்க்கால் வழியாக வயலுக்கு வந்து நடவாட்களின் கை கால்களைக் கிழிப்பது – ஜூன் 12-க்கு முன் நடவடிக்கை எடுக்க வேண்டுவது – தொடர்பாக.

பார்வை: 1. சென்ற ஆண்டு ஆடி மாதம், திங்கட்கிழமை குறைதீர் நாளில் கொடுத்த மனு. 2. ஐப்பசியில் விவசாயிகள் குறைதீர் கூட்டத்தில் கொடுத்த மனு. 3. ஜனவரி 26 கிராம சபையில் போட்ட தீர்மானம். (முதல் இரண்டுக்கு ரசீது, மூன்றாவதுக்கு நகல் இருக்கிறது. எதற்கும் உருப்படியான பதில் இல்லை.)

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். இடத்தைத் தங்களுக்கு விளக்க வேண்டியதில்லை. சென்ற ஆண்டு மேட்டூரிலிருந்து உபரி நீர் வந்தபோது கரையைப் பார்வையிட வந்து, தாங்கள் ஜீப்பை நிறுத்திய அரசமரத்தடிதான். மரத்துக்குக் கீழே படித்துறை, அதை ஒட்டித் தலைமதகு. அங்கே பிரிகிற வாய்க்கால்தான் எங்கள் சோறு. தாங்கள் வந்த அன்று மழை, கூட்டம் இல்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் மூன்று மணிக்கு முன்னறிவிப்பு இல்லாமல் வந்து பார்த்தால் இந்த மனுவுக்கே வேலை இருக்காது. கீழ்க்கண்டவற்றைத் தங்கள் மேலான கவனத்துக்குப் பணிவுடன் கொண்டுவருகிறோம்.

1. ஆற்றுக்கு யாரும் வரக் கூடாது என்று நாங்கள் சொல்லவில்லை. எங்கள் பிள்ளைகளும் அந்தப் படித்துறையில்தான் நீச்சல் பழகினார்கள். ஆடிப் பதினெட்டுக்கு முளைப்பாரியோடு வரும் பெண்கள், காணும் பொங்கலுக்குக் கட்டுச்சோற்றோடு வரும் குடும்பங்கள், இவர்களால் எங்களுக்கு ஒரு தொந்தரவும் இல்லை. மிஞ்சிப்போனால் வாழை இலையும் பாக்குமட்டைத் தட்டும் கிடக்கும், மாடு தின்றுவிடும். மரத்தடியில் பஜ்ஜி போடும் அம்மாவின் பிழைப்பே இந்தக் கூட்டத்தை நம்பித்தான். நாங்கள் சொல்வது சனி, ஞாயிறுகளில் டவுனிலிருந்து பைக்கிலும் காரிலும் பெட்டி பெட்டியாகக் கொண்டுவந்து குடித்துவிட்டு, காலி பாட்டிலை மதகுச் சுவரில் குறி வைத்து அடித்து விளையாடுகிறவர்களைப் பற்றி.

2. ஆற்றில் உடைகிற பாட்டில் வயலுக்கு எப்படி வரும் என்று முதல் மனு கொடுத்தபோது ஒரு அலுவலர் கேட்டார். நியாயமான கேள்வி, அதனால் விளக்கமாகவே எழுதுகிறோம். சுவரில் உடையும் சில்லுகள் மதகு வாயில் விழுகின்றன. தண்ணீர் முறை வரும்போது அந்த வேகத்தில் மணலோடு உருண்டு வாய்க்காலுக்குள் போகின்றன. உடையாத பாட்டில் இன்னும் மோசம். மூடி போட்டு எறிந்தால் மிதந்து, வயலுக்குப் பிரியும் கன்னி வாய்க்கால் வரைக்கும் வந்து, மடையில் தங்கி, சேற்றில் புதைந்துவிடுகிறது. நடவுக்கு முன் தண்ணீர் கட்டிச் சேடை ஓட்டும்போது டிராக்டரின் இரும்புச் சக்கரம் ஏறி அது நொறுங்கும். அப்புறம் பரம்படித்து வயலைச் சமப்படுத்துகிறோம் அல்லவா, அந்த ஒரு பாட்டில் முழு வயலுக்கும் பரவிவிடும். மேலே பார்த்தால் கண்ணாடி மாதிரித் தெளிந்த தண்ணீர், அதற்குள் கையை விட்டுத்தான் நாற்று நட வேண்டும்.

இதில் இன்னொன்றும் உண்டு. இப்போது வாய்க்காலில் தூர்வாரும் வேலை நடக்கிறது. நல்ல காரியம், குறை சொல்லவில்லை. ஆனால் பொக்லைன் அள்ளுகிற வண்டலில் பாதி கண்ணாடி. அதைக் கரையிலேயே குவித்துவிட்டுப் போகிறார்கள். ஒரு கோடை மழை பெய்தால் போதும், எடுத்ததெல்லாம் திரும்ப வாய்க்காலுக்குள்.

3. நடவு எப்படி நடக்கும் என்று தங்களுக்குத் தெரிந்திருக்கும். காலில் செருப்பு கிடையாது, சேறு பிடித்துக்கொள்ளும். இடது கையில் நாற்று முடி, வலது கையின் கட்டைவிரலும் அடுத்த இரண்டு விரலும் சேற்றுக்குள் போய்ப் போய் வரும். ஒரு நாளைக்கு எத்தனை ஆயிரம் தடவை என்று யாரும் எண்ணியதில்லை. கையுறை போட்டால் நாற்றின் வேர் பிடிபடாது, குத்து நிற்காது. கையுறை போடச் சொல்லுங்கள் என்று சுலபமாகச் சொல்லிவிடலாம். ஒரு மா (ஏக்கரில் சுமார் மூன்றில் ஒரு பங்கு) நட்டுப் பார்த்துவிட்டுச் சொல்லட்டும்.

சென்ற ஆண்டு குறுவை நடவின்போது என் வயலில் நடந்ததை எழுதுகிறேன். (நான் ஐந்து மா குத்தகைக்குச் சாகுபடி செய்பவன்.) நட்டுக்கொண்டிருந்த பதினொரு பேரில் என் பெரியம்மாவும் ஒருவர். அறுபது வயது தாண்டியவர், சர்க்கரை வியாதி உண்டு, பாதத்தில் உணர்ச்சி குறைவு. காலையில் எட்டரை மணிக்கு இறங்கியவர் மதியம் சாப்பாட்டுக்குக் கரையேறி, பம்புசெட் தொட்டி வாய்மடையில் காலை நீட்டினார். ஓடுகிற தண்ணீர் சிவப்பாகப் போகிறது. "யாருக்கோ காலு அறுத்திருக்குடி, பாருங்க" என்று மற்றவர்களைப் பார்த்துச் சொன்னார். அறுத்தது அவர் கால்தான். பாதத்துக்கு அடியில் பச்சைக் கண்ணாடி, கட்டைவிரல் நகம் அளவு, உள்ளே போய் நின்றுவிட்டது. எவ்வளவு நேரம் அதோடு நடந்தார், எத்தனை வரிசை நட்டார் என்று அவருக்கே தெரியவில்லை.

ஆரம்ப சுகாதார நிலையத்தில் சில்லை எடுத்து, டி.டி. ஊசி போட்டு, கட்டுப்போட்டார்கள். சர்க்கரைக் காலில் சேற்றுப் புண் லேசில் ஆறுமா? ஒரு மாதம் கழித்துப் பெரியாஸ்பத்திரியில் இரண்டு விரல்களை எடுத்தார்கள். இப்போது வரப்பில் நடந்தால் ஒரு பக்கமாகச் சாய்கிறார். நடவுக்கு வருவதில்லை. வாசலில் உட்கார்ந்து பூ கட்டுகிறார். அந்த நடவில் அவர் வாங்கிய கூலி அரை நாள் கூலி, ஏனென்றால் அரை நாள்தான் நட்டார். நான் முழுக்கூலியாகக் கொடுத்தபோது வாங்க மாட்டேன் என்றுவிட்டார்.

அதே நடவில் இன்னும் நான்கு பேருக்குக் கையில் கீறல். அதற்கெல்லாம் யாரும் ஆஸ்பத்திரி போகவில்லை. வேப்பிலையும் மஞ்சளும் அரைத்து வைத்துக்கொண்டு மறுநாள் வேறு வயலுக்குப் போனார்கள்.

4. வேறு வயலுக்கு என்றேனே, அதுதான் அடுத்த அடி. தலைமதகை ஒட்டிய எங்கள் வயல்களுக்கு இப்போது "கண்ணாடி வயல்" என்று பெயர் வைத்துவிட்டார்கள். நடவுக்குக் கூப்பிட்டால், "அங்கயா, ஆள விடுங்கண்ணே" என்கிறார்கள். அவர்கள் மேல் தப்பே இல்லை. இயந்திர நடவு போடலாமே என்றால், மெஷின் இறங்கித் திரும்ப எங்கள் துண்டு வயலில் இடம் போதாது. அப்படியே மெஷின் நட்டாலும் களை யார் எடுப்பது? அதுவும் கைதானே, ஐயா.

5. படித்துறையில் ஒரு போர்டு இருக்கிறது, தாங்களும் பார்த்திருப்பீர்கள். "பிளாஸ்டிக் இல்லாத ஆற்றங்கரை" என்று எழுதி, பக்கத்தில் மஞ்சப்பை படம். தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் 14 வகையான ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக்குக்குத் தடை என்பது எங்களுக்கும் தெரியும். நல்ல தடை, பஜ்ஜிக் கடையம்மாகூட மந்தார இலைக்கு மாறிவிட்டார். ஆனால் அந்த போர்டின் இரும்புக் கால் இரண்டையும் சுற்றிப் பீர் பாட்டில் சில்லு கணுக்கால் உயரத்துக்குக் கிடக்கிறது. போர்டையும் ஒரு குறியாக வைத்துத்தான் எறிகிறார்கள் போல. பிளாஸ்டிக் கப்பாவது கண்ணுக்குத் தெரியும், குனிந்து பொறுக்கலாம். கண்ணாடியைக் காலால்தான் கண்டுபிடிக்க வேண்டியிருக்கிறது.

6. யாரிடம் போவது? மதகு ஒரு துறை, ஆற்றுப் புறம்போக்கு ஒரு துறை, குப்பை ஒரு துறை, குடிப்பது ஒரு துறை, பாட்டில் ஒரு துறை. எல்லா இடத்துக்கும் போய்விட்டோம். போன இடத்தில் எல்லாம் மரியாதையாகப் பேசி அடுத்த இடத்துக்கு அனுப்பினார்கள். முதல் மனுவுக்கு போனில் ஒரு செய்தி வந்தது: தங்கள் மனு உரிய துறைக்கு அனுப்பப்பட்டு முடித்து வைக்கப்பட்டது. எதை ஐயா முடித்து வைத்தார்கள்? அனுப்பியதையா? நூறு நாள் வேலைக்கு வந்த பெண்களை ஒருநாள் கண்ணாடி பொறுக்க விட்டார்கள். கையுறை இல்லை, சாக்கு மட்டும் கொடுத்தார்கள். வயலில் கிழிந்த அதே கை மதகிலும் கிழிந்தது. பொறுக்கிய சாக்குகள் பத்து நாள் மரத்தடியிலேயே கிடந்து, நாய் இழுத்து, திரும்ப ஆற்றோரம் போய்ச் சேர்ந்தன. கோபமாக எழுதுவதாகத் தோன்றினால் மன்னிக்கவும். மூன்று முறை பணிவாக எழுதிப் பார்த்துவிட்டோம்.

7. நீலகிரியில் காட்டில் கிடக்கும் மது பாட்டில்கள் யானையின் காலைக் கிழிக்கின்றன என்று சென்னை உயர் நீதிமன்றம் வரை வழக்குப் போனது. 2022-ல் அங்கே பாட்டிலுக்கு 10 ரூபாய் கூடுதலாக வாங்கிக்கொண்டு, காலி பாட்டிலைத் திருப்பிக் கொடுத்தால் அந்த 10 ரூபாயைத் திருப்பித் தரும் திட்டம் வந்தது. பிறகு வேறு மாவட்டங்களுக்கும் போயிற்று. யானைக்குச் செய்தது சரிதான், வாயில்லா ஜீவன். எங்கள் நடவுப் பெண்களுக்கு வாய் இருக்கிறது, மனுவும் கொடுத்துவிட்டார்கள். யானைக் காலுக்குக் கிடைத்த கவனத்தில் கால்வாசியாவது இவர்கள் காலுக்கும் கிடைக்கக் கூடாதா?

அந்தத் திட்டம் இங்கே முழுதாக நடைமுறைக்கு வந்தாலும் ஒரு சிக்கல் இருக்கிறது. ஆற்றங்கரையில் குடித்து முடித்தவர் பத்து ரூபாய்க்காகக் காலி பாட்டிலைச் சுமந்துகொண்டு கடைக்குத் திரும்பப் போக மாட்டார். ஆகவே வாங்கிக்கொள்ளும் இடம் மரத்தடிக்கே வர வேண்டும். சனி, ஞாயிறு மாலையில் ஒரு ஆளும் ஒரு வண்டியும் போதும். பாட்டிலுக்குப் பத்து ரூபாய் என்றால் எங்கள் ஊர்ப் பையன்கள் ஒன்றைக்கூட விட மாட்டார்கள். உடைந்ததற்குக் காசில்லை என்று தெரிந்தால் யாரையும் உடைக்கவும் விட மாட்டார்கள். போலீஸ் வேலையைப் பாதி அவர்களே பார்த்துக்கொள்வார்கள்.

ஆகவே தாங்கள் தயவுசெய்து,

அ) மேட்டூர் அணை வழக்கப்படி ஜூன் 12-ல் திறந்து, கல்லணை வழியாகத் தண்ணீர் எங்கள் மதகை எட்டுவதற்குள், மதகு வாயிலும் வாய்க்கால் தரையிலும் உள்ள கண்ணாடியை, கையுறையும் பூட்ஸும் சல்லடையும் கொடுத்து, ஆள் வைத்து எடுக்க வேண்டும். கரையில் குவித்த வண்டலை அங்கிருந்து அப்புறப்படுத்த வேண்டும். தண்ணீர் வந்துவிட்டால் எல்லாம் அடியில் போய்விடும், ஒன்றும் செய்ய முடியாது.

ஆ) மதகின் உள்பக்கம் கம்பி வலை போட வேண்டும். மிதந்து வரும் பாட்டில் அதோடு நிற்கும். ஆகாயத்தாமரை அடைத்துக்கொள்ளுமே என்பார்கள். அடைக்கும்தான். வாரம் ஒருமுறை இறங்கி நாங்களே எடுத்துவிடுகிறோம், எழுதியே தருகிறோம்.

இ) சனி, ஞாயிறு, ஆடிப் பதினெட்டு, காணும் பொங்கல் நாட்களில் மெயின் ரோட்டிலிருந்து ஆற்றுக்குப் பிரியும் இடத்தில் ஒரு காவலர் நின்று கண்ணாடி பாட்டிலை மட்டும் தடுத்தால் போதும். சாப்பாடு, துணி, பந்து என்று மற்றதையெல்லாம் கொண்டு போகட்டும்.

ஈ) மேலே சொன்ன பாட்டில் வாங்கும் வண்டி.

இவை நான்கும் ஒரே நாளில் நடக்காது என்பது எங்களுக்குத் தெரியும். மற்றதற்குக் காத்திருக்கிறோம், காத்திருந்து பழக்கம்தான். ஆனால் அ-வை மட்டும் தள்ளிப்போட முடியாது, ஐயா. நாற்றங்கால் விட நிலம் தயாராக இருக்கிறது. குறுவைக்கு நடவாள் வேண்டும். என்ன உத்தரவாதத்தில் அவர்களை என் வயலில் இறங்கச் சொல்வேன்? பெரியம்மா வாசலைத் தாண்டித்தான் ஒவ்வொரு வீட்டுக்கும் ஆள் கூப்பிடப் போக வேண்டும். அவர் ஒன்றும் சொல்வதில்லை, பூ கட்டிக்கொண்டே நிமிர்ந்து பார்க்கிறார். தண்ணீர் வருவதற்குள் அந்தக் கண்ணாடியை எடுத்துக் கொடுங்கள் என்று மறுபடியும் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
தலைமதகு வாய்க்கால் பாசன விவசாயிகள் மற்றும் நடவுப் பெண்கள்

நாள்: வைகாசி மாதம், தூர்வாரும் வேலை நடக்கும் வாரம்

இணைப்பு:
1. கையெழுத்தும் கைநாட்டும் – 3 தாள்கள்.
2. முந்தைய மனுக்களின் ரசீது, கிராம சபைத் தீர்மான நகல்.
3. படித்துறை, போர்டு, வண்டல் குவியல் – புகைப்படங்கள்.
4. என் வயலில் ஒரு மாவில் மட்டும் இந்தக் கோடையில் பொறுக்கிய கண்ணாடி – பெயின்ட் வாளியில் முக்கால் வாளி. சென்ற முறை கொண்டுவந்தபோது, இதையெல்லாம் இணைப்பாக வாங்க முடியாது என்று வாசலிலேயே சொல்லிவிட்டார்கள். இந்த முறையும் கொண்டுவந்திருக்கிறோம். வாளியைத் திருப்பித் தர வேண்டாம்.