கெயினைத் தொட்டால் எழுதி வை

லாஸ்பேட்டை,
புதுச்சேரி.

அன்புள்ள தம்பிக்கு,

அம்மா எழுதுவது. இங்கே எல்லோரும் சௌக்கியம். ஆயாவுக்கு முட்டிவலி தேவலை. வில்லியனூர் பத்திரம் இன்னும் கைக்கு வந்த பாடில்லை, சித்தப்பா அலைந்துகொண்டிருக்கிறார். மீதியைப் போனில் சொல்கிறேன், நீ எடுத்தால்.

போன தடவை பேசும்போது “ரிஜெக்ட் ஜாஸ்தியா வருதுன்னு கெயினைக் குறைக்கச் சொல்றாங்கம்மா” என்றாய். குழாயைச் சோதிக்கும் மெஷின் சிக்னலை எவ்வளவு பெரிதாக்கிக் காட்டுகிறது என்பதுதானே கெயின். என்ன ஏது என்று நான் கேட்பதற்குள் “ஒண்ணுமில்ல, நீ சாப்ட்டியா” என்று பேச்சை மாற்றிவிட்டாய். அதற்கப்புறம் வாட்ஸ்அப்பில் கட்டைவிரல் மட்டும்தான் வருகிறது. நான் எதுவும் கேட்கப்போவதில்லை. குழாயை உடைக்காமல் மின்னோட்டத்தால் வெடிப்பைத் தேடும் எடி கரண்ட் சோதனையில் லெவல் டூ சான்றிதழ் வாங்கிய பிள்ளை, உனக்குத் தெரியாததா? அது என்ன படிப்பு என்றே இந்தத் தெருவில் பாதிப் பேருக்குத் தெரியாது, ஆனாலும் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தேன். உனக்குத் தெரிந்ததையே இன்னொரு தடவை எழுதுகிறேன், அவ்வளவுதான்.

மெஷினுக்கு வெடிப்பு என்றால் என்னவென்று தெரியாது கண்ணு. காயிலில், அதாவது குழாயைச் சுற்றியிருக்கும் கம்பிச் சுருளில், ஓடும் ஏ.சி. மின்சாரம் குழாயின் சுவரில் சுழல் மின்னோட்டத்தைக் கிளப்புகிறது. வழியில் துளையோ வெடிப்போ இருந்தால் மின்னோட்டம் விலகிச் சுற்றிப் போகும், ஏ.சி.க்குக் காயில் காட்டும் தடை, அதுதான் இம்பிடன்ஸ், மாறும். எவ்வளவு மாறினால் குழாயை ஒதுக்குவது என்று மெஷினுக்குச் சொல்லிக்கொடுப்பது மாதிரிக் குழாயான மாஸ்டர் டியூபில் வேண்டுமென்றே போட்ட துளைகள் மட்டும்தான். மாஸ்டரை ஒரு கெயினில் ஓட்டிக் காட்டிவிட்டு சரக்கை இன்னொரு கெயினில் ஓட்டினால் அது சோதனையே இல்லை. சிக்னல் தாண்டினால் மணி அடிக்கவைக்கும் அலாரம் கோட்டை இருந்த இடத்திலேயே விட்டுவிட்டு கெயினை 6 டிபி (டெசிபல்) இறக்கினால் சிக்னல் பாதியாகிவிடும். அப்புறம் மாஸ்டர் துளையைப் போல இரண்டு மடங்கு சிக்னல் தரும் குறை வந்தால்தான் மணி அடிக்கும். அதுவரை ஸ்கிரீன் அழகாக, பச்சைப் பசேலென்று இருக்கும்.

மாஸ்டர் டியூபை முதலில் கையில் எடுத்துப் பார். ஓடுகிற சரக்கின் அதே கிரேடு, அதே வெளிவிட்டம், அதே சுவர் கனம், அதே ஹீட் ட்ரீட்மென்ட். சூடாக்கி மெள்ள ஆற்றி அனீல் பண்ணின குழாய்க்கு அனீல் பண்ணாத மாஸ்டரை வைத்தால், காந்தத்தை ஏற்கும் தன்மையான பெர்மியபிலிட்டி வேறு, சிக்னலும் வேறு. துளை மூன்று, சுற்றளவில் 120 டிகிரி தள்ளித் தள்ளி, நீளவாக்கில் தனித்தனி சிக்னலாகத் தெரியும் அளவுக்கு இடைவெளி விட்டு. துளையின் அளவு ஐ.எஸ்.ஓ. 10893-2 தரநிலையின் அட்டவணையில் இருக்கிறது. ஆர்டரில் வேறு போட்டிருந்தால் அதுதான் கணக்கு. பிசிறு எடுத்திருக்கிறார்களா, உள்ளே இரும்புத்தூள் அடைத்திருக்கிறதா, துருப்பிடித்து வாய் அகன்றிருக்கிறதா என்று பார். துளை அளக்கும் ஊசியான பின் கேஜை நுழைத்துப் பார்ப்பது அரை நிமிஷ வேலை. அகன்ற துளை பெரிய சிக்னல் கொடுக்கும். அதை வைத்து செட் பண்ணினால் பிடிபடவேண்டிய சின்னக் குறை தப்பிப் போகும்.

மூன்று சிக்னலில் சின்னது எதுவோ அதில்தான் அலாரம் கோடு. பெரியதில் வைத்தால் வேலை சுலபம், அதனால்தான் வைக்கிறார்கள். மூன்றும் ஏறக்குறைய ஒரே உயரம் வரவேண்டும். ஒன்று மட்டும் ஓங்கி நின்றால் குழாய் காயிலின் நடுவில் போகவில்லை. கைடு ரோலர் தேய்ந்திருக்கும், இல்லை சைஸ் மாற்றினபோது டேபிள் உயரத்தைச் சரியாக வைக்கவில்லை. அங்கே ஸ்பேனர் போடவேண்டும், கெயின் குமிழில் கை வைக்கக் கூடாது.

அப்புறம், மாஸ்டரை லைன் ஸ்பீடிலேயே ஓட்டு. கையால் மெள்ளத் தள்ளிப் பார்த்துவிட்டு “ஓகே” எழுதுவது எல்லா இடத்திலும் நடக்கிறது. நிமிஷத்துக்கு 60 மீட்டர் என்றால் செகண்டுக்கு 1000 மி.மீ. காயில் ஒரு 5 மி.மீ. அகலத்தைப் பார்க்கிறது என்று வை, துளை அதைக் கடக்க 5 மில்லிசெகண்ட், சிக்னல் ஏறக்குறைய 200 ஹெர்ட்ஸ். லைனை 20 மீட்டருக்கு இறக்கினால் அதே துளை 67 ஹெர்ட்ஸ்தான் கொடுக்கும். குறைந்த ஃப்ரீக்வன்சியை வெட்டும் உன் ஹை-பாஸ் ஃபில்டர் 100 ஹெர்ட்ஸில் நின்றால் அந்த சிக்னலை அதுவே அமுக்கிவிடும். ஆக ஸ்பீடு மாறினால் ஃபில்டரும் மாறவேண்டும், ஃபில்டர் மாறினால் மாஸ்டரை மறுபடி ஓட்டவேண்டும். லைன் நடுவில் நின்றுபோனால் காயிலுக்குள் மாட்டின குழாயைத் தனியே எடுத்து மறுபடி ஓட்டு. டிஃபரன்ஷியல் காயில் மாற்றத்தைத்தான் பார்க்கும், நிற்கிற குழாயில் அதற்குப் பார்க்க ஒன்றும் இல்லை. இதையும் எழுதி வை. எழுதி வைப்பதில் உனக்கு எப்போதுமே ஒரு அலட்சியம், பள்ளிக்கூட டைரியில் நான் போட்ட கையெழுத்தை நீ மறந்திருக்கமாட்டாய்.

ரிஜெக்ட் ஏன் ஜாஸ்தி வருகிறது என்பதைப் பார்த்தாயா? கெயினைக் குறைக்காமலே அதைக் குறைக்கலாம். கார்பன் ஸ்டீல் என்றால் முதல் சந்தேகம் சாச்சுரேஷன் மேல்தான். ஒரே குழாயில் இடத்துக்கு இடம் பெர்மியபிலிட்டி மாறும். ஸ்ட்ரெய்ட்னர் ரோலர் அழுத்தின இடம் ஒரு மாதிரி, அழுத்தாத இடம் ஒரு மாதிரி. டி.சி. காயில் போட்டுக் குழாயைக் காந்தத்தால் நிரப்பினால்தான், அதுதானே சாச்சுரேஷன், அந்த ஏற்றத்தாழ்வு அடங்கும், இல்லாவிட்டால் நல்ல குழாயும் கெட்டதுபோல மணி அடிக்கும். கணக்கும் போட்டுப் பார். 10 கிலோஹெர்ட்ஸில், பெர்மியபிலிட்டி 100 என்றால், ஊடுருவும் ஆழம் வெறும் 0.2 மி.மீ. சாச்சுரேஷனில் அது 5-க்கு இறங்கினால் கிட்டத்தட்ட 0.95 மி.மீ. ஃப்ரீக்வன்சியை 2 கிலோஹெர்ட்ஸ் ஆக்கினால் 2 மி.மீ.யைத் தாண்டும். தட்டையான தகட்டுக்கான கணக்குதான், குழாய்க்குத் தோராயம். ஆனாலும் 2.6 மி.மீ. சுவரின் உள்பக்கத்தில் இருக்கும் குறையை, சாச்சுரேஷன் இல்லாமல் 10 கிலோஹெர்ட்ஸில் தேடுவது எவ்வளவு வீண் என்று அதிலேயே தெரியும். ரொம்பவும் இறக்கிவிடாதே, மேல்தோலில் இருக்கும் மெல்லிய வெடிப்பின் சிக்னல் சுருங்கிப்போகும்.

சாச்சுரேஷன் ஆம்பியரை எங்கே நிறுத்துவது என்றால், மாஸ்டரை ஓட்டி ஓட்டி ஆம்பியரை ஏற்று. துளை சிக்னலுக்கும் பின்னால் ஓடும் வேண்டாத சிக்னலான நாய்ஸுக்கும் உள்ள விகிதம் ஏறிக்கொண்டே வந்து ஓரிடத்தில் நின்றுவிடும். அதற்கு ஒரு படி மேலே வைத்து, அந்த எண்ணைச் சைஸ்வாரியாக எழுதி வை. காயில் சூடேறினால் ரெசிஸ்டன்ஸ் ஏறும். சப்ளை கான்ஸ்டன்ட் கரண்ட் இல்லையென்றால் ஆம்பியர் தானாக இறங்கும். காலையில் ஒழுங்காக ஓடின லைன் மத்தியானம் சும்மா சும்மா மணி அடித்தால் இதை முதலில் பார். மீட்டரைப் பார், கூலிங் தண்ணீர் ஓடுகிறதா பார்.

அடுத்தது ஃபில் ஃபேக்டர், காயிலின் வாயைக் குழாய் எவ்வளவு அடைக்கிறது என்ற கணக்கு. 25.4 மி.மீ. குழாய்க்கு உள்விட்டம் 28 உள்ள காயில் போட்டால் 0.82, ஸ்டோரில் சரியான சைஸ் இல்லை என்று 32 போட்டால் 0.63. சிக்னல் சுருங்கும், குழாய் ஆடினால் நாய்ஸ் ஏறும். குழாயின் உள்பக்கம் துருத்தும் வெல்ட் மேட்டை ஸ்கார்ஃபிங் டூல் ஒழுங்காகச் சீவாமல் விட்டாலும் கத்தும்; அது நாய்ஸ் இல்லை, மில்காரன் டூலை மாற்றவேண்டும் என்று அர்த்தம். வெல்டரின் ஹை ஃப்ரீக்வன்சி எர்த் வழியாக நுழைகிறதா என்று பார்க்க, காயில் காலியாக இருக்கும்போது ஸ்கிரீனைப் பார்த்தாலே போதும்.

எடி கரண்டுக்குத் தெரியாததும் உண்டு, அதை எல்லோரும் மறந்துவிடுகிறார்கள். டிஃபரன்ஷியல் காயிலில், குழாய் நெடுக ஒரே ஆழத்தில் ஓடும் கோடு ஆரம்பத்திலும் முடிவிலும் மட்டும்தான் தெரியும்; நடுவில் மௌனம். அதற்கு அப்சலூட் சேனல் வேண்டும், குழாயாக இல்லாமல் கெட்டிக் கம்பியாக (பார்) இருந்தால் சுழலும் புரோப். இரண்டு முனையிலும் எண்ட் எஃபெக்ட், அங்கே குறை இருந்தாலும் பிடிபடாது. வெட்டி எறியவேண்டும், இல்லை வேறு முறையில் பார்க்கவேண்டும். சரியாக ஒட்டாத கோல்டு வெல்ட், இடைவெளி இல்லாமல் இறுகி இருந்தால் காயிலுக்கு நல்ல குழாய்தான். அதனால் குழாயை நசுக்கிப் பார்க்கும் ஃப்ளாட்டனிங் டெஸ்ட் எடி கரண்டுக்குப் பதில் இல்லை, எடி கரண்ட் ஃப்ளாட்டனிங்குக்குப் பதில் இல்லை. பொருத்திவிட்ட காந்தக் குழாய்களை உள்ளேயிருந்து பார்க்க ரிமோட் ஃபீல்டு என்று தனி முறை. பக்கத்துக் கல்பாக்கத்தில் வேக ஈனுலையின் நீராவிக் குழாய்களுக்காக அதில் நிறைய வேலை செய்திருக்கிறார்கள். உன் லைனுக்கு அது தேவையில்லை, ஞாபகம் வந்தது, எழுதினேன்.

மணி ஒழுங்காக அடித்தும் கெட்ட குழாய் லாரி ஏறுவது எப்படி தெரியுமா? கெட்ட குழாயில் அடையாளம் அடிக்கும் பெயிண்ட் துப்பாக்கி காயிலுக்கு அப்பால் இருக்கிறது. குழாய் நகர்ந்த தூரத்தை அளக்கும் என்கோடர் சக்கரம் எண்ணெயில் வழுக்கினால் டிலே தப்பிப்போய் அடுத்த குழாயில் பெயிண்ட் விழும். மாஸ்டர் ஓட்டும்போது பெயிண்ட் துளைமேல் விழுகிறதா என்று கண்ணால் பார்.

இப்போது நான் கேட்காத விஷயத்துக்கு வருகிறேன். குறைந்தது 4 மணி நேரத்துக்கு ஒரு தடவை, ஆள் மாறும்போது, ஓட்டத்தின் ஆரம்பத்திலும் கடைசியிலும் மாஸ்டரை ஓட்டவேண்டும். துளை மணி அடிக்கவில்லையென்றால் 3 டிபி ஏற்றிப் பார்க்க இடம் இருக்கிறது. அதற்கும் அடிக்கவில்லையென்றால், முந்தின நல்ல செக்கிலிருந்து ஓடின எல்லாக் குழாயும் திரும்ப ஓடவேண்டும். 6 மீட்டர் குழாய், 60 மீட்டர் ஸ்பீடு, இடைவெளி இல்லாமல் ஓடினால் 4 மணி நேரத்தில் 2400 குழாய். பண்டில் கட்டி ஸ்டிக்கர் ஒட்டின சரக்கு. அதைப் பிரிக்கச் சொல்ல எந்த ஷிஃப்ட் இன்சார்ஜுக்கும் வாய் வராது. உன்னிடம் பேனாவை நீட்டுவதுதான் அவருக்குச் சுலபம். 4 மணி வேண்டாம், மணிக்கு ஒரு தடவை ஓட்டு. தவறினால் 600 குழாயோடு போகும், சண்டையும் சின்னதாக இருக்கும். இதை நீ உற்பத்திக்காரர்களிடமே சொல்லலாம், அவர்களுக்கும் லாபம்.

கெயின், ஃபேஸ், ஃபில்டர், ஃப்ரீக்வன்சி, ஆம்பியர், ஸ்பீடு, உருக்கின தொகுதியைக் குறிக்கும் ஹீட் நம்பர், மூன்று துளையின் சிக்னல், நேரம். ஒவ்வொரு செக்குக்கும் ஒரு வரி, பேனாவில். யாராவது கெயினை மாற்றச் சொன்னால் சொன்னவர் பெயரும் அந்த வரியில் வரட்டும். பெயர் எழுதுகிறோம் என்று தெரிந்தாலே பாதிப் பேர் சொல்வதை நிறுத்திவிடுவார்கள். அப்படியும் வற்புறுத்தினால் “மெயிலில் போடுங்க சார்” என்று மரியாதையாகச் சொல். மாஸ்டரில் நிரூபிக்காத கெயினில் ஓடின சரக்குக்கு நீ கையெழுத்துப் போடாதே. அந்தக் குழாய் எந்தப் பாய்லரில் போய் உட்காரும், பக்கத்தில் யார் நிற்பார்கள் என்று உனக்கும் தெரியாது, அவருக்கும் தெரியாது.

ஏற்கெனவே போட்டிருந்தாயானால், எந்தத் தேதி, எந்த ஹீட், எத்தனை பண்டில் என்று உட்கார்ந்து எழுது. குவாலிட்டி ஹெட்டிடம் நீயே போய்க் கொடு. சரக்கு யார்டில் இருந்தால் திரும்ப ஓட்டலாம். போயிருந்தாலும் கஸ்டமர் பொருத்துவதற்குள் சொன்னால் வழி உண்டு. வேலை போனால் போகட்டும். இங்கே புதுச்சேரிச் சேதராப்பட்டிலும் மேட்டுப்பாளையத்திலும் எடி கரண்ட் தெரிந்தவனைத் தேடுகிறவர்கள் இருக்கிறார்கள், அப்பா பேங்க் லோனைப் பற்றி நீ கவலைப்படவேண்டாம், அதை நாங்கள் பேசியாகிவிட்டது. இப்படி எழுதுகிறேன் என்று கோபித்துக்கொள்ளாதே. ஒன்றும் நடக்கவில்லை என்றால் சந்தோஷம்தான், அதையாவது ஒரு வார்த்தை சொல்லித் தொலை.

ஞாயிற்றுக்கிழமை காலை போன் பண்ணு. உன் அக்கா அன்றைக்கு வருகிறாள், அவள் எதிரில் இதைப் பேசவேண்டாம். மாடிக்குப் போய்ப் பேசுகிறேன். மாஸ்டர் ஓட்டின பக்கத்தை ஒரு போட்டோ எடுத்து அனுப்பினாலும் போதும், பேசக்கூட வேண்டாம்.

அன்புடன்,
அம்மா

பி.கு.: சாச்சுரேட் பண்ணின குழாயைக் காந்தம் இறக்கி டீமேக் பண்ணாமல் விடாதே. மிச்சக் காந்தத்தில் இரும்புத்தூள் ஒட்டும், வாங்கினவன் வெல்ட் பண்ணும்போது ஆர்க் ஒதுங்கிப் போகும். காந்தத்தை அளக்கும் காஸ் மீட்டரை முனையில் வைத்துப் பார். ஆர்டரில் எத்தனை காஸ் என்று போட்டிருக்கும். அதற்கும் லாக் ஷீட்டில் ஒரு கட்டம் போட்டுக்கொள்.