கூட்டாளி மாறினால் பாலிசிதாரருக்கும் சொல்லுங்கள்

நிதி அமைச்சகத்துக்கும் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையத்துக்கும் வணக்கம்.

காப்பீட்டு நிறுவனங்களில் வெளிநாட்டுப் பங்குக்கான உச்சவரம்பு 26 சதவீதத்தில் தொடங்கி, 2015இல் 49, 2021இல் 74 என்று ஏறி, 2025 பட்ஜெட்டில் 100 என்று அறிவிக்கப்பட்டு, அந்த வருட டிசம்பரில் சட்டமாகவும் ஆகிவிட்டது. இத்தனை வருடமாகப் பேச்சு முழுக்க சதவீதத்தைப் பற்றித்தான். பிரீமியம் கட்டுகிறவர் பக்கம் யாரும் திரும்பிப் பார்த்த மாதிரி தெரியவில்லை.

நான் வெளிநாட்டு முதலீட்டுக்கு எதிரி இல்லை. நம் பணத்தை அள்ளிக்கொண்டு போய்விடுவார்கள் என்ற பயமும் எனக்கில்லை; பாலிசிதாரர் பணத்தை வெளிநாட்டில் முதலீடு செய்யக் கூடாது என்று சட்டமே இருக்கிறது. இந்தியக் கூட்டாளியும் வெளிநாட்டுக் கூட்டாளியும் சேர்ந்து நடத்தும் கூட்டு நிறுவனத்துக்குள் யார் இருப்பார், யார் போவார் என்பதை உச்சவரம்பு மட்டும் முடிவு செய்வதில்லை என்பதுதான் என் கவலை. பஜாஜ் அலையன்ஸையே பாருங்கள். சட்டம் 74 வரை விட்ட பிறகும் ஜெர்மனியின் அலையன்ஸ் 26 சதவீதத்திலேயே இருந்து, 24 வருடக் கூட்டுக்குப் பிறகு, 2025 மார்ச்சில் அதையும் பஜாஜ் குழுமத்துக்கே சுமார் 24,180 கோடி ரூபாய்க்கு விற்க ஒப்பந்தம் போட்டது. சில மாதத்தில் மறுகாப்பீட்டுக்காக, அதாவது காப்பீட்டு நிறுவனங்களுக்கே காப்பீடு கொடுக்கும் தொழிலுக்காக, ஜியோ பைனான்சியலுடன் கைகோத்தது. சென்னையின் ராயல் சுந்தரத்தில் 2015இல் பிரிட்டிஷ் கூட்டாளி விலக, 2019இல் பெல்ஜியத்தின் ஏஜியஸ் 40 சதவீதத்துடன் வந்தது. சரி, வியாபாரம் அப்படித்தான், அதில் தப்பில்லை.

ஆனால் ஆயுள் காப்பீடு 20, 25 வருடத்துக்கான வாக்கு. பத்திரத்தின் முதல் பக்கத்தில் இரண்டு பெயரையும் பார்த்துத்தான் கையெழுத்துப் போடுகிறோம், ஏஜென்ட்டும் அந்த வெளிநாட்டுப் பெயரைச் சொல்லித்தான் விற்கிறார். நான் பாலிசி வைத்திருக்கும் நிறுவனத்தில் கூட்டாளி மாறியதை செய்தியில் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன். பிரீமியம் தேதி நெருங்கினால் தினம் ஒரு எஸ்எம்எஸ் அனுப்புகிறவர்கள் இதற்கு ஒரு வரிகூட அனுப்பவில்லை.

பெரிய பங்கு கைமாறினால் ஒவ்வொரு பாலிசிதாரருக்கும் அவரவர் மொழியில் கடிதம் போக வேண்டும் என்று உத்தரவிடுங்கள். யார் போனார், யார் வந்தார், க்ளெய்ம் கொடுக்கும் பொறுப்பில் மாற்றமில்லை என்பதெல்லாம் அதில் எழுத்தில் இருக்கட்டும்.

அப்புறம், வெளிநாட்டுப் பங்கு 49ஐத் தாண்டிய நிறுவனம், நிதி பலம் குறிப்பிட்ட அளவுக்குக் கீழே இருக்கும்போது பங்குதாரர்களுக்கு டிவிடெண்ட் கொடுத்தால் லாபத்தில் பாதியாவது ஒதுக்கி வைக்க வேண்டும் என்று 2021இல் விதி போட்டீர்களே, எங்களுக்குப் பாதுகாப்பு அந்த மாதிரி விதிகள்தான். முழு நிறுவனமும் ஒரே கைக்குப் போனால் உள்ளே இருந்து கேள்வி கேட்க உள்ளூர்க் கூட்டாளி இருக்க மாட்டார், அப்போது அவை இன்னும் இறுக வேண்டுமே தவிர தளரக் கூடாது.

இப்படிக்கு,
ஒரு பாலிசிதாரர்