மரத்தடிப் பிள்ளையார் பக்கத்துக் கற்கள்: சேர்வராயன் மலை ஊர்க்காரர்களுக்கு ஒரு திறந்த மடல்

சேர்வராயன் மலை ஊர்க்கவுண்டர்களுக்கும் திருப்பணி வேலை பார்க்கும் அண்ணன்மார்களுக்கும் வணக்கம்.

நான் சேலத்துக்காரன். ஏற்காட்டில் ஏரி, படகு, லேடீஸ் சீட் எல்லாம் பார்த்து அலுத்துவிட்டது, இப்போது மலையேறுவது உங்கள் ஊர் மரத்தடி மேடைகளைப் பார்க்கத்தான். போன தடவை ஒரு ஊரில் (பெயர் வேண்டாம்) பழைய மேடை இருந்த இடத்தில் பளபளவென்று டைல்ஸ், புதுப் பிள்ளையார். நன்றாகத்தான் இருந்தது. ஆனால் அவர் காலடியில் குவிந்திருந்த வழவழப்பான கற்களைக் காணோம். கேட்டால், "அதுங்களா, மண்ணோட சேர்த்து அள்ளிக் கொட்டிட்டோம்ங்க" என்றார்கள்.

அண்ணா, அவை கோடாரிகள். ஒரு முனை கூராக, மறுமுனை வாய் தீட்டப்பட்டு, உடம்பெல்லாம் தேய்த்து வழவழப்பாக்கியிருக்கும். கையில் எடுத்தால் பிடிப்பும் கனமும் உடனே புரிந்துவிடும். புதிய கற்காலத்து ஆட்கள், குறைந்தது 3000 ஆண்டுக்கு முன்னால், செய்தவை. உழும்போது, குழி வெட்டும்போது கிடைத்ததை யாரோ பெரியவர் சாமிக்கென்று கொண்டுவந்து வைத்திருக்கிறார், அப்புறம் தலைமுறை தலைமுறையாக எண்ணெயும் பொட்டும் வைத்துக் காப்பாற்றினீர்கள். இந்த மலைப் பிள்ளையார் கோயில்களில் இப்படிக் கற்கோடாரிகள் இருப்பதை வெள்ளைக்காரர் காலத்திலேயே எழுதிவைத்துவிட்டார்கள். 1863இல் பல்லாவரத்தில் பழைய கற்காலக் கருவியைக் கண்டெடுத்தாரே, வெள்ளைக்கார நிலவியலாளர் ராபர்ட் புரூஸ் ஃபூட், அவர் கடைசிக் காலத்தில் வாழ்ந்தது ஏற்காட்டில்தான். அவர் சேர்த்தவை சென்னை அருங்காட்சியகத்துக்குப் போய்விட்டன. மிச்சம் உங்கள் மேடைகளில்.

அதையெல்லாம் எடுத்து எங்களிடம் கொடுங்கள் என்று கேட்கவில்லை. சாமியாகவே இருக்கட்டும், அதுதான் அவற்றுக்கு நல்ல காவல். மேடையை இடிக்கும் முன் கற்களைத் தனியே எடுத்து வையுங்கள், ஆசிட் போட்டுத் தேய்க்காதீர்கள், சிமெண்டில் பதிக்காதீர்கள், வேலை முடிந்ததும் அதே இடத்தில் வைத்துவிடுங்கள். எந்த மேடை, எந்தக் கல் என்று செல்போனில் ஒரு படம் எடுத்து வைத்தாலும் போதும், ஏனென்றால் கிடைத்த இடம் தெரியாமல் போனால் அது வெறும் கல்தான். விலை பேசிக்கொண்டு வருகிறவர்களும் உண்டு, அவர்களுக்கு டீ மட்டும் கொடுத்து அனுப்புங்கள்.

அந்த ஊரில் கொட்டிய மண் இன்னும் ரோட்டோரம் கிடக்கிறது. சம்மதம் என்றால் ஒரு ஞாயிற்றுக்கிழமை வருகிறேன், சேர்ந்து சலித்துப் பார்ப்போம்.